வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: அந்தக் கையெழுத்து விஷயமாக

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாகக் கடைக்கு வருகிறவர்கள் நூல்கண்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறீர்கள். சிலர் வருவதே இல்லை. காரணம் தெரியும். கழிமுகத்து ஓரம் அலையாத்தி மரக்கன்று நடும் திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட்டு, கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை விற்றுவிட்டேனாம். வாட்ஸ்அப்பில் தாளின் படம் வேறு சுற்றுகிறது.

அது வருகைப் பதிவுத் தாள். கூட்டத்தன்று சமுதாயக் கூடத்து வாசலில் மேசை போட்டு, உள்ளே போகிற எல்லாரிடமும் பெயரும் கையெழுத்தும் வாங்கினார்கள். எனக்கு முன்னால் போட்டது ஊர்ப் பஞ்சாயத்தார். எனக்குப் பின்னால் போட்டது நீங்கள்தான். நான் பதினான்காவது ஆள். படம் எடுத்தவர் 'கூட்டத்துக்கு வந்தோர்' என்ற மேல் வரியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார். என் கையெழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், அது என் தப்புதான். உள்ளே போனதும் "எங்க பாதை என்ன ஆகும்?" என்று முதலில் கேட்டதும் நான்தான். மைக் வேலை செய்யாததால் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது.

அலையாத்தி வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லவில்லை. 2004 சுனாமியில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் தப்பியதும், 2018 கஜா புயலில் முத்துப்பேட்டைக் காடே சிதைந்து நின்றதும் நமக்குத் தெரியாததா? இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது அந்த வேர்களுக்குள்தான். ஆனால் களர் தரையில் சும்மா நட்டால் கன்று பிழைக்காது. மீன்முள் மாதிரி நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள் என்று வெட்டி, கடல்தண்ணீர் ஏறி இறங்க விட வேண்டும். சரி, வெட்டட்டும். அந்த முள்ளில் நான்கு நம் பாதைக்குக் குறுக்கே வருவதுதான் தகராறு.

ஒரு பனங்கட்டையைப் போட்டுவிட்டு அதைப் பாலம் என்கிறார்கள். போன வாரம் ஒரு அக்கா தலையில் மீன் கூடையோடு கட்டையின் நடுவில் நின்று, வழுக்குகிற செருப்பைக் கழற்றுவதா, கூடையைப் பிடிப்பதா என்று தவித்ததைப் பார்த்தேன். நாலு இடத்திலும் சிமெண்ட் குழாய் இறக்கி மேலே மண் போட்டால் தண்ணீரும் போகும், நாமும் போகலாம். வெள்ளிக்கிழமை கொடுக்கிற மனுவில் கேட்டிருப்பது இவ்வளவுதான். மனு கடையில் இருக்கிறது. இந்த முறை மேல் வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கஜாவுக்கு மறுநாள் கூரை பறந்த கடையில் கடன் நோட்டு ஊறி, எழுத்தெல்லாம் அழிந்து கிடந்தது. யார் எவ்வளவு பாக்கி என்று எனக்கே தெரியாது. நீங்களாக ஒவ்வொருவராக வந்து தொகையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அந்த நன்றியை மறக்கிறவன் பாதையை விற்பானா?

பின்கொட்டகையில் மூன்று மாத வாடகைக்குத் திட்டக்காரர்களின் கன்றுகள் இருப்பதால் பெரிய வலைகள் இப்போதைக்குக் கடையின் முன்பக்கமே கிடைக்கும். அப்புறம், பாதை சரியாகும்வரை நூல், மிதவை, ஈயக்குண்டு எது வேண்டுமானாலும் முதல் நாள் மாலை சொல்லிவிடுங்கள். சுற்றுவழியில் மொபெட்டில் விடியற்காலை 4 மணிக்குக் கரைக்கே கொண்டு வந்து தருகிறேன். அதற்குத் தனிக் காசு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வலைக்கடைக்காரர்