பட்டியலைக் கடைசிப் பெயர்வரை வாசிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமைக் காலைக் கூட்டத்தில் உடற்தகுதிச் சோதனை முடிவுகளை முதல் இடத்திலிருந்து கடைசி இடம்வரை ஒலிபெருக்கியில் வாசித்தீர்கள். முன்னால் வந்தவர்களுக்குப் பதக்கம் அணிவித்தீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். கடைசியாக வாசித்த பெயர்களில் என் பேத்தியின் பெயரும் இருந்தது. அந்தப் பட்டியலை இனிமேல் யார் முன்னாலும் வாசிக்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இருபது மீட்டர் இடைவெளியில் உள்ள இரு கோடுகளுக்கிடையே, ஒலிக்கும் சைகைக்கேற்ப மாறி மாறி ஓடும் ஓட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் அரை கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். ஒலி கேட்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொட முடியாதவர் விலகி ஓரத்தில் உட்கார வேண்டும். யாருக்கு முதலில் மூச்சு வாங்குகிறதோ அந்தப் பிள்ளையை வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். என் பேத்திக்கு ஆஸ்துமா. ஓடுவதற்கு முன் பம்ப் (மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து) எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர் சொன்னது. யாராவது பார்த்தால் கேலி செய்வார்கள் என்று பயந்து அதைக் காலுறைக்குள் ஒளித்துவைத்தாள், எடுக்காமலேயே ஓடினாள். அன்று மாலை அவளால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. பதக்கத்துக்காகக்கூட இல்லை, கடைசிப் பெயராக வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு குழந்தை தன் மருந்தை மறைத்திருக்கிறாள். இதைப் படிக்கும்போது உங்களுக்கு உறுத்தவில்லையா?

இது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள மெர்பேங்க். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையைச் சுவாசித்து வளர்ந்த ஊர். இங்குள்ள தொடக்கப்பள்ளி ஒன்றில் 2002 இல் ஆய்வு செய்தவர்கள், ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் மிக அதிகம் என்று கண்டார்கள். அதை அறிந்த பள்ளி, நுரையீரலின் வலுவை வைத்துப் பிள்ளைகளை வரிசைப்படுத்தலாமா?

உடற்பயிற்சிப் பாடவேளையோ பெயரளவில்தான் நடக்கிறது. தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடம் அதை எடுத்துக்கொள்கிறது. மழை பெய்தால் மைதானம் சேறாகிறது. உடற்கல்விக்கென்று பயின்ற ஆசிரியரும் இல்லை; 'லைஃப் ஓரியன்டேஷன்' என்னும் வாழ்க்கை வழிகாட்டல் பாடத்தின் ஆசிரியர்தான் அதையும் சேர்த்துச் சுமக்கிறார். ஆண்டு முழுவதும் பயிற்சி தராமல் ஒருநாள் சோதனை வைத்துவிட்டு, யார் தகுதியானவர் என்று எப்படி அறிவிக்கிறீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் மக்களுக்கு, பிள்ளைகள் ஓடி விளையாடுவது கட்டாயம் வேண்டும். ஒவ்வொருவருடைய முடிவையும் அவரவர் பெற்றோருக்கு மட்டும் தாருங்கள். சென்ற பருவத்தைவிடத் தன்னளவில் முன்னேறிய பிள்ளைக்கும் பரிசு கொடுங்கள். பம்ப் எடுத்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகளை ஓட்டத்துக்கு முன்பே தனியாக அழைத்துக் கேளுங்கள். பட்டியலை வாசிக்காதீர்கள்.

நிர்வாகக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் 1996 ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டம். நீங்களும் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி