தப்பு யார் மேல் என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ பதற்றமாக இருந்தாய், பாதி விஷயத்தைத்தான் பேச முடிந்தது. அங்கே நெதர்லாந்தில் உன் கார் மோதி மின்சார சைக்கிளிலிருந்து விழுந்த அந்தப் பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று, தலையில் அடி இல்லை என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கும் அப்பாவுக்கும் சாப்பாடு இறங்கியது. நீ உடனே இறங்கி 112க்கு அடித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை மழையில் அவள் பக்கத்திலேயே நின்றதை அப்பா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிகளின் ஃபைல்களை இன்ஷூரன்ஸ் வேலைக் காலம் முழுக்கப் பார்த்தவள் நான். நீ நின்றது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் நீ திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாய். "இருட்டு, மழை. அவள் லைட் இல்லாமல் வந்தாள்மா. நான் இண்டிகேட்டர் போட்டுத்தான் வலது பக்கம் திரும்பினேன். தப்பு அவள் மேல்தானே? அப்புறம் ஏன் இங்கே எல்லோரும் கார்காரன்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அவள் மேலும் தப்பு இருக்கிறது, உன் மேலும் இருக்கிறது. நஷ்டஈட்டில் பெரும்பகுதியை உன் இன்ஷூரன்ஸ்தான் கொடுக்கும் என்று நினைக்கிறேன். அது நியாயமும்கூட.

முதலில் உன் பக்கம். நெதர்லாந்தில் ஒரே சாலையில் நேராகப் போகிறவருக்குத்தான் முதல் உரிமை, திரும்புகிறவர் நின்று வழிவிட வேண்டும். உன் வலப்பக்கத்தில் சைக்கிள் பாதையில் நேராக வருகிறவருக்கும் அந்த உரிமை உண்டு. இண்டிகேட்டர் போட்டால் நீ திரும்பப் போகிறாய் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். வழி உனக்குச் சொந்தமாகிவிடாது. லைட் இல்லாத சைக்கிளை எப்படிப் பார்ப்பது என்று கேட்பாய். அந்தச் சந்திப்பில் தெருவிளக்கு பளிச்சென்று இருந்தது என்று நீயே சொன்னாய். கண்ணாடியில் பார்த்தேன், யாரும் இல்லை என்றும் சொன்னாய். எப்போது பார்த்தாய்? மின்சார சைக்கிளில் மோட்டார் 25 கிலோமீட்டர் வேகம் வரை உதவும். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு ஏழு மீட்டர். கண்ணாடியைப் பார்த்துவிட்டு நீ இரண்டு வினாடி கழித்து ஸ்டியரிங்கை ஒடித்திருந்தால் அவள் பதினான்கு மீட்டர் முன்னே வந்திருப்பாள். அப்போது அவள் கண்ணாடியில் தெரிய மாட்டாள். பின் கதவுக்கு நேராக, தோளுக்கு மேல் தலையைத் திருப்பினால் மட்டுமே தெரிகிற இடத்தில் இருப்பாள்.

அந்தத் தலைத் திருப்பலை அங்கே டிரைவிங் டெஸ்டில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். நீ டெஸ்டே எழுதவில்லை. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அந்த 30 சதவீத வரிச் சலுகை உனக்கு இருந்ததால், நம் ஊர் லைசென்ஸைக் கொடுத்துவிட்டு அந்த ஊர் லைசென்ஸை வாங்கிக்கொண்டாய். சட்டப்படி சரிதான். ஆனால் மதுரையில் ஓட்டிப் பழகிய கண், எதிரே வருகிற பஸ்ஸையும் குறுக்கே வருகிற ஆட்டோவையும் ஹாரன் சத்தத்தையும் தேடுகிற கண். உன் ஐந்தோவன் நகரில் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் வருகிற சைக்கிளைத் தேட அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இனி அவள் பக்கம். இருட்டில் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் லைட், பின்னால் சிவப்பு லைட் இல்லாமல் வருவது அங்கே அபராதம் போடுகிற குற்றம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்காது. ஆகவே தப்பு இரண்டு பேர் மேலும். நீ கேட்பது, அப்புறம் பணம் மட்டும் ஏன் சரிசமமாகப் பிரியவில்லை என்பதைத்தானே?

அந்த நாட்டின் 1994 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 185ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. மோட்டார் வண்டி, நடந்து போகிறவர் மேலோ சைக்கிளில் போகிறவர் மேலோ மோதினால் அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு வண்டிக்காரர்தான் பொறுப்பு; அவளுடைய மின்சார சைக்கிளும் இதில் சைக்கிள் கணக்குதான். அதிலிருந்து தப்ப ஒரே வழி, தன் மேல் எள்ளளவும் தப்பு இல்லை, சைக்கிள்காரர் செய்தது எந்த ஓட்டுநரும் எதிர்பார்த்திருக்கவே முடியாத காரியம் என்று வண்டிக்காரர் நிரூபிப்பது. நிரூபிக்க வேண்டியது அவர், அடிபட்டவர் இல்லை. லைட் இல்லாமல் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளை எதிர்பார்க்க முடியாத அதிசயமா? நவம்பர் மாதச் சாயங்காலத்தில் அந்த ஊர் ஓட்டுநர் யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

இதற்கு மேல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1990களின் தொடக்கத்தில் இரண்டு கோடு போட்டது. 14 வயதுக்குக் கீழே இருந்தால் பிள்ளை என்ன தப்பு செய்திருந்தாலும் முழு நஷ்டமும் வண்டிக்காரர் தரப்புதான். 14 வயதும் அதற்கு மேலும் என்றால் குறைந்தது பாதி. மிச்சப் பாதியை யார் தப்பு எவ்வளவு என்று பார்த்துப் பிரிப்பார்கள், அதிலும் காயம் பெரிது என்றால் அடிபட்டவர் பக்கம் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதும் உண்டு. வேண்டுமென்றே வந்து விழுந்தாலோ, அதற்குச் சமமான முரட்டுத்தனம் என்றாலோ மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. உன் விஷயத்தில் அந்தப் பாதி உறுதி. மீதியில் நீ வழிவிடாததற்கு ஒரு பங்கு, அவள் லைட் போடாததற்கு ஒரு பங்கு. உன் ஆபீஸில் சொன்னார்களே, "இங்கே சைக்கிள் மேல் இடித்தால் எப்போதும் கார்காரன்தான் குற்றவாளி" என்று, அது தப்பு. இது பணத்துக்கான பொறுப்பு மட்டும். குற்ற வழக்கு வேறு, அங்கே உன் தப்பைத் தனியாகக் காட்டினால்தான் தண்டனை.

"பெரிய வண்டி மேல்தான் கேஸ்" என்று நம் ஊரிலும் சொல்வார்களே, அதேதானே இது என்றும் கேட்டாய். அதே இல்லை. இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் என் வேலையாக இருந்தது.

நம் ஊர் விபத்து எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி அச்சடித்த மாதிரி எல்லாவற்றிலும் இருக்கும். பெரிய வண்டி மேல் கேஸும் போட்டுவிடுவார்கள். ஆனால் நஷ்டஈடு அங்கே முடிவாவதில்லை. விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவில் மனு போட்டால் டிரைவரின் அஜாக்கிரதையை அடிபட்டவர் தரப்புதான் காட்ட வேண்டும். இன்ஷூரன்ஸ் தரப்பில் நாங்கள் முதலில் தேடுவது 'கான்ட்ரிப்யூட்டரி நெக்லிஜென்ஸ்', அதாவது விபத்தில் அடிபட்டவருடைய தப்பின் பங்கு. செத்தவர் மேல் எத்தனை சதவீதம் போடலாம் என்று பார்ப்பது. லைட் உண்டா, நடுரோட்டில் வந்தாரா, குடித்திருந்தாரா.

ஒரு ஃபைல் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலூர் ரோட்டில் சித்தாள் வேலை முடித்து சைக்கிளில் திரும்பிய ஒருவர். லாரி பின்னாலிருந்து அடித்தது. லாரி டிரைவர் சொன்னது, ஆள் நடுரோட்டுக்கு வந்துவிட்டார் என்று. சாட்சி வேறு யாரும் இல்லை. ஆனால் போலீஸ் போட்ட ரஃப் ஸ்கெட்சில், தார் முடிகிற இடத்தில் மண் ஓரம் அரை அடி இறக்கம் என்று பென்சிலில் ஒரு கோடு இருந்தது. சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் மகஜரில் அந்த ஓரம் முழுக்க ஜல்லி கொட்டிக் கிடந்ததாக எழுதியிருந்தது. ஹேண்டில்பாரில் தூக்குவாளி மாட்டிக்கொண்டு அந்தப் பள்ளத்தில் யாரால் சைக்கிள் ஓட்ட முடியும்? அவர் தார் மேல் வந்தது திமிரில் இல்லை, வேறு இடம் இல்லை. அந்தப் பென்சில் கோடு இல்லாவிட்டால் அவர் சார்பாகச் சொல்ல யாருமே இல்லை.

இதைத்தான் நீ யோசிக்க வேண்டும், தம்பி. காருக்கும் சைக்கிளுக்கும் நடக்கிற மோதலில் கதை சொல்ல நல்லபடியாக மிஞ்சுகிறவர் அநேகமாகக் கார்காரர்தான். ஆயிரத்து முன்னூறு கிலோ இரும்புக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு மயக்கம் வராது. என்ன வேகம், யார் முதலில் என்று தெளிவாகச் சொல்வார். சைக்கிளில் வந்தவர் ஆஸ்பத்திரியிலோ அதற்கு அப்பாலோ இருப்பார். அடிபட்டவரே நிரூபிக்கட்டும் என்றால் பாதி வழக்கு அங்கேயே தோற்றுவிடும். நிரூபிக்கிற பாரத்தை வண்டிக்காரர் பக்கம் மாற்றி வைத்ததுதான் அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி. பணமும் அவர் கையிலிருந்து போவதில்லை. கட்டாய இன்ஷூரன்ஸ் எதற்காக இருக்கிறது? அவள் லைட் போடாமல் வந்ததால் உனக்குப் பம்பரில் கீறல், உன் லைட் எல்லாம் எரிந்தும் அவளுக்கு எலும்பு முறிவு. ஒரே தப்பு இரண்டு பேருக்கும் ஒரே விலை இல்லை. ஆபத்தைத் தெருவுக்குக் கொண்டுவருகிறவர் அதன் செலவில் பெரும்பங்கைச் சுமக்கட்டும் என்கிறது சட்டம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நம் நாட்டிலும் தப்பு பார்க்காமல் கொடுக்கிற வழி ஒன்று உண்டு. முன்பு அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 140ஆவது பிரிவில் உயிர் போனால் 50,000, நிரந்தர ஊனம் என்றால் 25,000. 2019 திருத்தத்துக்கு அப்புறம், 2022 ஏப்ரல் முதல் 164ஆவது பிரிவில் உயிருக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம். முன்னைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் தொகை அதோடு நின்றுவிடுகிறது. முப்பது வயதுக் கொத்தனாரின் குடும்பத்துக்கு அது போதாது, கூடுதலாக வேண்டுமானால் பழையபடி தீர்ப்பாயத்தில் அஜாக்கிரதையை நிரூபிக்கப் போக வேண்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நெதர்லாந்துத் தெருக்கள் இந்தச் சட்டத்தால் மட்டும் இப்படி ஆகிவிடவில்லை. 1971இல் அங்கே சாலை விபத்தில் ஏறக்குறைய 3,300 பேர் செத்தார்கள், அதில் 400க்கு மேல் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதினார். 'ஸ்டாப் டி கிண்டர்மோர்ட்', குழந்தைக் கொலையை நிறுத்து என்ற இயக்கம் கிளம்பியது. பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். தனிப் பாதை, வேகக் கட்டுப்பாடு எல்லாம் அதற்குப் பின் பெருகியவை. மோதிய பிறகு பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது சட்டத்தின் வேலை, மோதாமல் பார்ப்பது ரோட்டைப் போடுகிறவர் வேலை. நம் ஊரில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்ட ஓரம் கொடுப்பதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. விபத்துப் படிவத்தில் நடந்ததை மட்டும் எழுது. படம் வரைகிற கட்டத்தில் சைக்கிள் பாதையையும், நீ எங்கே திரும்ப ஆரம்பித்தாய் என்பதையும், தெருவிளக்கையும் குறி. "என் தப்பு" என்றோ "அவள் தப்பு" என்றோ எழுதாதே, அதைக் கணக்குப் போட ஆட்கள் இருக்கிறார்கள். அவளுக்கு லைட் இல்லை என்பதை மறைக்க வேண்டியதும் இல்லை, பெரிதாக்க வேண்டியதும் இல்லை. பம்பர் செலவை அவள் வீட்டில் கேட்கலாமா என்றாயே, கேட்க வழி உண்டு. அதிலும் உன் பங்கைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். ஆனால் கையில் கட்டுப் போட்ட பள்ளிக்கூடப் பெண்ணின் வீட்டுக்கு அந்த பில்லை அனுப்பாதே. எனக்காக விட்டுவிடு.

அவளைப் போய்ப் பார். இன்ஷூரன்ஸ்காரர் வாயைத் திறக்காதே என்றிருப்பார். பொறுப்பை ஒப்புக்கொள்ளாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். கை எப்படி இருக்கிறது என்று கேட்பதும், பூவும் ஒரு வாழ்த்து அட்டையும் கொண்டுபோவதும் ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது. மருமகளையும் கூட்டிக்கொண்டு போ.

அப்புறம், டிரைவிங் ஸ்கூலில் கொஞ்ச நாள் வகுப்புக்குப் போ. லைசென்ஸ் இருக்கிறதே என்று சொல்லாதே. வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் தோளுக்கு மேல் பார்க்கிற பழக்கம் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொன்னால்தான் வரும். கார்க் கதவை வலது கையால் திற, உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் வருகிறவரைப் பார்க்கும். பின் சீட்டில் உட்காரும் பாப்பாவுக்கும் கதவுக்குத் தூரமான கையால் திறக்கச் சொல்லிக்கொடு.

படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. டச்சில் இருந்தாலும் பரவாயில்லை, மருமகள் படித்துச் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் சாயங்காலம் கூப்பிடு, அப்பாவும் பக்கத்தில் இருப்பார்.

அன்புடன்,
அம்மா