முடங்கிய கைக்கு எதிர்ப்பக்க நரம்பு: செய்தியில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பக்கவாதத்தில் முடங்கிய கைக்கு, நல்ல கைக்குச் செல்லும் நரம்பு ஒன்றைக் கழுத்திலேயே திருப்பி இணைக்கும் அறுவை சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தோம். செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பல வருடமாகக் கை மடங்கிக் கிடக்கும் அப்பாவை எந்த ஊருக்கு அழைத்துப் போகலாம் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கும் குடும்பத்துக்கு அந்தச் செய்தி போதாது. எனவே இந்தக் கடிதம் சற்று நீளம்.

ஷாங்காயில் ஃபூடான் பல்கலைக்கழகத்தின் ஹுவாஷான் மருத்துவமனையில் உருவான முறை இது. அங்கே கு யூடோங் என்ற அறுவை மருத்துவர் 1986-லேயே எதிர்ப்பக்கத்து, அதாவது நல்ல கைக்குப் போகும், சி7 என்ற கழுத்து நரம்பை எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். ஆனால் அது பக்கவாதத்துக்கு அல்ல. விபத்தில் கைக்குச் செல்லும் நரம்புகள் முதுகுத்தண்டிலிருந்தே பிய்ந்துபோனவர்களுக்கு. நம் ஊரில் இருசக்கர வாகன விபத்துக்குப் பிறகு தோளிலிருந்து கை துவண்டு தொங்குகிறதே, அந்தக் காயம். மூளை பாதிப்பால் முடங்கிய கைக்கு அதே நரம்பைக் கொண்டுபோனது ஷூ வென்டோங் தலைமையிலான குழு. 2018-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அவர்களது ஆய்வு வந்தது.

இந்த இரண்டு நிலைகளையும் குழப்பிக்கொள்வதில்தான் முதல் சிக்கல். விபத்தில் நரம்பு அறுந்தால் தசைக்கு வரும் தொடர்பே போய்விடுகிறது. மாதங்கள் கடந்தால் தசை வற்றி, பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பயனில்லை. அதனால் அங்கே முதல் ஆறு மாதம் மிக முக்கியம். பக்கவாதத்தில் கையின் நரம்பும் தசையும் கெடுவதில்லை, கட்டளையிடும் மூளைப் பகுதிதான் கெடுகிறது. ஆகவே இங்கே அவசரம் இல்லை. ஷாங்காய் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் கை முடங்கி 5 ஆண்டுக்கு மேல் ஆனவர்கள். ‘இப்போதே செய்யாவிட்டால் வாய்ப்பு போய்விடும்’ என்று பக்கவாத நோயாளியின் வீட்டாரிடம் யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

கைக்கு ஐந்து நரம்பு வேர்கள் வருகின்றன: சி5, சி6, சி7, சி8, டி1. நடுவில் இருக்கும் சி7-க்கு ஒரு வசதி உண்டு. அது மட்டுமே இயக்கும் தசை என்று கையில் எதுவும் இல்லை. அது செய்யும் வேலையை அக்கம்பக்கத்து வேர்களும் பகிர்ந்துகொள்கின்றன. கைக்கு வரும் நரம்பிழைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதில் ஓடுகிறது. எனவே நல்ல பக்கத்து சி7-ஐ எடுத்தாலும் அந்தக் கை முடங்கிவிடாது. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. முழங்கையை நீட்டுவது, மணிக்கட்டைத் தூக்குவது, விரல்களை விரிப்பது ஆகியவற்றில் சி7-க்குப் பெரும்பங்கு. பக்கவாதக் கையில் மடங்குவது தானாக நடக்கும், விரிவதுதான் வராது. தேவைப்படும் இடத்துக்கே இந்த நரம்பு போகிறது.

இனி செய்முறை. கழுத்தின் அடியில் காறையெலும்புகளுக்கு மேலாகக் குறுக்கே கீறி, இரு பக்கத்து சி7-ஐயும் வெளிக்கொணர்கிறார்கள். மின்தூண்டல் கொடுத்து எந்தத் தசை துடிக்கிறது என்று பார்த்து நரம்பை உறுதி செய்ய வேண்டும். அதனால் மயக்க மருத்துவர் அந்த நேரத்தில் தசைத் தளர்த்தி மருந்தின் பிடியை விட்டிருக்க வேண்டும்; மருந்து மிச்சமிருந்தால் சரியான நரம்பும் துடிக்காமல் ஏமாற்றும். நல்ல பக்கத்தில் சி7-ஐ முடிந்தவரை வெளியே, மற்ற நரம்புகளோடு கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் வெட்டுகிறார்கள். முடங்கிய பக்கத்தில் முடிந்தவரை உள்ளே, முதுகெலும்பின் துளையை ஒட்டி வெட்டுகிறார்கள். இரண்டு நுனியும் நீளமாகக் கிடைக்க இதுதான் வழி. பிறகு நல்ல பக்கத்து நுனியை உணவுக்குழாய்க்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் உள்ள இடுக்கு வழியே எதிர்ப்பக்கம் கொண்டுபோய், நுண்ணோக்கியின் கீழ் நேருக்கு நேர் தைக்கிறார்கள்.

நேருக்கு நேர் என்பது சாதாரண விஷயமல்ல. நீளம் பற்றாமல் கெண்டைக்காலிலிருந்து நரம்புத்துண்டு எடுத்து நடுவில் ஒட்டுப்போட நேர்ந்தால், வளரும் இழைகள் ஒரு தையலுக்குப் பதில் இரண்டு தையலைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வழிதவறிப் போகும். இழுத்துக் கட்டினாலோ, தையலில் இறுக்கம் விழுந்து, ரத்த ஓட்டம் குறைந்து, நரம்பு வடுவாகிவிடும். அறுவைக்குப் பின் சில வாரம் தலையையும் தோளையும் அசையாமல் கட்டி வைப்பது இதற்காகத்தான். ‘கட்டு உறுத்துகிறது’ என்று வீட்டில் அவிழ்த்துவிடுவது எல்லாவற்றையும் வீணாக்கும்.

அந்த இடுக்கில் ஆபத்துகளும் நெருக்கமாக இருக்கின்றன. மூளைக்கு ரத்தம் ஏற்றும் முள்ளெலும்புத் தமனி அங்கேதான் ஓடுகிறது. மூச்சுக்கான தசையாகிய உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்துத் தசையின் மேல் படிந்து கிடக்கிறது. இரு பக்கமும் கத்தி போவதால் இரு பக்கத்து உதரவிதான நரம்புக்கும் காயம்பட்டால் மூச்சே சிக்கலாகிவிடும். குரல்வளை நரம்பு இழுபட்டால் குரல் கம்மும். இடப்பக்கம் நிணநீர்க் குழாய் கிழிந்தால் பால் போன்ற நீர் கசியும். சிறியவை வேறு உண்டு: விழுங்கும்போது தொண்டையில் ஏதோ சிக்கியது போன்ற உணர்வு, நல்ல கையில் பெருவிரல் தொடங்கி நடுவிரல் வரை மரத்துப்போதல், அந்தக் கை சீக்கிரம் சோர்ந்துபோதல். இவை பெரும்பாலும் சில மாதங்களில் குறைகின்றன. ஆய்வில் 12-ஆம் மாதம் சோதித்தபோது நல்ல கையின் பலத்திலும் தொடுவுணர்விலும் முன்பிருந்ததைவிடக் குறிப்பிடத்தக்க இழப்பு தெரியவில்லை. ஆனால் அந்த இடைக்காலத்தில் நோயாளிக்கு வேலை செய்யும் கை என்று இருப்பது அது ஒன்றே. மரத்த விரலால் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கக் கூடாது, கத்தி பிடிக்கும்போது கண் விரல்மேல் இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் இதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

முடிவுகளுக்கு வருவோம். மொத்தம் 36 பேர். 18 பேருக்கு அறுவையும் பயிற்சியும், 18 பேருக்குப் பயிற்சி மட்டும். ஃபியூகல்-மேயர் என்ற அளவுகோலில் தோள் முதல் விரல் வரை கையின் அசைவுகளுக்கு மொத்தம் 66 புள்ளி. பன்னிரண்டு மாதத்தில் அறுவைக் குழுவுக்குச் சராசரியாக 17.7 புள்ளி கூடியது. மற்றக் குழுவுக்கு 2.6. ஐந்து புள்ளி அளவுக்குக் கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது துறையில் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 17.7 பெரிய எண். அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோரால் உடுத்துதல், துண்டு பிழிதல், காலணிக் கயிறு கட்டுதல், கைப்பேசி இயக்குதல் போன்றவற்றில் சிலவற்றையாவது செய்ய முடிந்தது. முடங்கிய கைக்கு அதே பக்கத்து மூளையிலிருந்து, அதாவது சேதமில்லாத பாதியிலிருந்து, கட்டளை போகத் தொடங்கியதை மூளையைக் காந்தத்தால் தூண்டிப் பார்க்கும் சோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் காட்டின.

எங்களைப் போல இயன்முறை சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அந்த 2.6 உறைக்க வேண்டும். ஐந்து ஆண்டு கடந்த கைக்கு ஓர் ஆண்டு முழுக்கப் பயிற்சி கொடுத்துக் கிடைத்தது அவ்வளவே.

இருந்தும் அந்த 17.7 புள்ளியும் புதிய நரம்பின் வேலைதானா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வெட்டிய நரம்பு நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து மேற்கைத் தசையை எட்டவே ஏழெட்டு மாதம் ஆகும். முன்கைத் தசைக்கு ஓர் ஆண்டும் போதாமல் போகலாம். ஆனால் கையின் இறுக்கம் அறுவைக்குப் பின் வெகு சீக்கிரமே தளர்கிறது. அது நரம்பு வளர்ந்ததால் வந்ததாக இருக்க முடியாது. முடங்கிய பக்கத்து சி7-ஐ வெட்டும்போது, தசையிலிருந்து முதுகுத்தண்டுக்குப் போய் இறுக்கத்தைத் தூண்டிக்கொண்டிருந்த உணர்விழைகளும் அறுபடுகின்றன. இறுக்கம் விட்டதும் அதுவரை மறைந்துகிடந்த அசைவு வெளியே வருகிறது. அப்படியானால் வெட்டுவதால் எவ்வளவு, இணைப்பதால் எவ்வளவு? வெட்டி மட்டும் விட்ட மூன்றாவது குழு ஒன்று இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அது இல்லை. தங்கள் செய்தியில் இந்த ஒரு வரி இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதே எங்கள் முக்கிய வருத்தம்.

அதே மருத்துவமனையின் குழு 2025-ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. பக்கவாதத்தால் பேச்சு பாதிக்கப்பட்ட 50 பேர். இங்கே நரம்பு எதையும் இணைக்கவில்லை. பக்கவாதம் பாதித்த பக்கமான வலப்பக்கத்து சி7-ஐ வெட்டியதோடு சரி. அதோடு தீவிரப் பேச்சுப் பயிற்சி பெற்றவர்கள், பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடப் பொருள்களின் பெயர் சொல்லும் தேர்வில் கூடுதலாக முன்னேறினார்கள். ஆக, வெட்டுவது மட்டுமே மூளையில் ஏதோ செய்கிறது. அப்படியென்றால் சிலருக்கு நல்ல கையைத் தொடாமலேயே பலன் கிடைக்கலாமா என்று கேட்பதில் தவறில்லை.

யாருக்குப் பொருந்தும் என்பதில் செய்தி மௌனம். ஷாங்காயில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் இளவயதினர். மூளைக் காயம், பிறவி மூளைவாதம், பக்கவாதம் எனக் காரணம் வேறுவேறு. நம் வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பவரோ அறுபதைத் தாண்டியவர், பல வருடமாகச் சர்க்கரை நோய், பாதத்தில் ஏற்கெனவே எரிச்சல். வயதும் சர்க்கரையும் நரம்பு வளர்ச்சியை மந்தமாக்கும். அந்த 17.7-ஐ அவருக்கு அப்படியே வாக்களிக்க யாருக்கும் உரிமையில்லை. பக்கவாதத்துக்குப் பின் ரத்தக் கட்டு தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அறுவைக்காக அதை நிறுத்தலாமா என்பதும் நரம்பியல் மருத்துவர் தனியாகத் தீர்மானிக்க வேண்டியது.

கை மடங்கியிருப்பது இறுக்கத்தாலா, மூட்டும் தசைநாணும் சுருங்கி உறைந்துபோனதாலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். குறிப்பிட்ட நரம்பில் மரப்பு ஊசி போட்டால் சில மணி நேரம் இறுக்கம் விடும். அப்போது விரல் விரிந்தால் இறுக்கம். ஊசிக்குப் பிறகும் விரியாவிட்டால் மூட்டு உறைந்துவிட்டது. உறைந்த மூட்டுக்கு எந்தப் பக்கத்து நரம்பைக் கொண்டுவந்தும் பலனில்லை, தசைநாணை நீட்டும் எளிய அறுவை வேண்டியிருக்கலாம். இறுக்கம்தான் என்றால் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி இருக்கிறது. மூன்று மாதம் போல நிற்கும், பிடிக்காவிட்டால் தானே போய்விடும். கழுத்தில் வெட்டிய நரம்பு அப்படித் திரும்பி வராது. இதையெல்லாம் செய்து பார்க்காமல் நேரே கழுத்துக்குப் போவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

பயிற்சியின் அளவையும் சொல்லியாக வேண்டும். ஆய்வில் இரு குழுவுக்கும் வாரம் 4 முறை, 12 மாதம், ஒரே மையத்தில் பயிற்சி. கூட்டினால் ஏறத்தாழ 200 அமர்வு. உங்கள் ஊரில் ஓர் அமர்வுக்கு ஆகும் கட்டணம், ஆட்டோ, கூட வருபவரின் ஒரு நாள் கூலி மூன்றையும் கூட்டி 200-ஆல் பெருக்கிப் பாருங்கள். அறுவைக் கட்டணத்துக்கு மேல் அது வரக்கூடும். பயிற்சியும் வழக்கமானது அல்ல. புதிய நரம்பு நல்ல கைக்கு உரியதாக இருந்தது என்பதால், முதலில் நல்ல கையின் முழங்கையை எதிர்ப்பு கொடுத்து நீட்டச் சொல்லி, அந்த முயற்சியோடு சேர்த்து முடங்கிய கையை அசைக்கப் பழக்க வேண்டும். நல்ல கையை அசைக்காமல் முடங்கியதை மட்டும் அசைப்பது அதற்கும் பிறகுதான் வரும். மின்கம்பியை இணைத்ததும் விளக்கு எரிவது போல நடப்பதில்லை. எட்டு மாதம் எதுவும் தெரியாமலே பயிற்சிக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். ஆளைச் சோர்வடையச் செய்வது இந்தக் காலம்தான்.

‘வீட்டிலேயே நாங்கள் செய்துகொள்வோம்’ என்று குடும்பத்தார் சொல்வதுண்டு. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளிடம் அதையே சோதித்தார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் அந்த ஆய்வை நடத்தியவர்களில் முக்கியமானவர். 2017-ல் லான்செட் இதழில் வந்த முடிவு: குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்துச் செய்த பயிற்சியால் ஆறாம் மாதத்தில் கூடுதல் பலன் இல்லை. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி இயன்முறை மருத்துவர் வருகிறார், நல்ல காரியம். ஆனால் பல ஊர்களைக் கவனிக்கும் அவர் ஒரே வீட்டுக்கு வாரம் 4 முறை வர முடியாது.

ஆகவே இந்த அறுவையை அறிவிக்கும் மருத்துவமனைகளிடம் தங்கள் செய்தியாளர்கள் சில கேள்விகள் கேட்க வேண்டுகிறோம். இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அவர்களின் வயது என்ன? அறுவைக்கு முன்னும் 12-ஆம் மாதத்திலும் ஃபியூகல்-மேயர் புள்ளி எவ்வளவு, அளந்தவர் அறுவைக் குழுவைச் சேராதவர்தானா? எத்தனை பேருக்கு நேரடி இணைப்பு, எத்தனை பேருக்கு ஒட்டு? நல்ல கையின் பலத்தை அளந்து வைத்திருக்கிறீர்களா? ஓராண்டுப் பயிற்சியை யார், எங்கே கொடுக்கிறார்கள்? அறுவை முடிந்த ஆறாம் வாரத்தில் கை தளர்ந்து விரிவதை எடுத்த காணொளி இவற்றில் எதற்கும் பதிலாகாது.

இப்படிக்கு,
பக்கவாத மறுவாழ்வுச் சிகிச்சையில் பணிபுரிவோர்,
மதுரை.