கேப் காட் கோடை ரயில்களின் கதை: தமிழ் நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்டன் சவுத் ஸ்டேஷனில் 'கேப் ஃபிளையர்' என்ற கோடைக்கால வார இறுதி ரயிலில் ஏறி, மாசசூசெட்ஸின் கேப் காட் தீபகற்பத்தில் இருக்கும் ஹையானிஸ் ஊருக்குப் போய்வந்த குடும்பங்கள் நம்மில் நிறைய உண்டு. பஸர்ட்ஸ் பே நெருங்கியதும் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலோரம் வந்துவிடுவார்கள். கேப் காட் கால்வாயில் போகும் கப்பல்களுக்காக எப்போதும் மேலே தூக்கியே நிற்கும் ரயில் பாலம், நம் ரயிலுக்காகக் கீழே இறங்கியிருக்கும். "இந்தப் பாலம் யாருக்காகக் கட்டினது?" என்று அவர்கள் கேட்டதற்குப் பதில் தேடத் தொடங்கியதில்தான் எங்கள் குழு உருவானது. தேடியதையெல்லாம் படங்களோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு நூலாகக் கொண்டுவர விரும்புகிறோம். அதற்குத்தான் உங்கள் உதவியைக் கேட்டு வந்திருக்கிறோம்.

கேப் காட்டுக்குள் தண்டவாளம் வந்தது 1848இல், சாண்ட்விச் வரை. 1854இல் ஹையானிஸ், 1873இல் முனையில் இருக்கும் பிராவின்ஸ்டவுன். முதலில் இது சாண்ட்விச்சில் செய்த கண்ணாடிப் பொருள்களுக்கும் மீனுக்கும் போட்ட பாதை. கோடைக்கு வருகிறவர்கள் அப்புறம்தான் வந்தார்கள்.

எங்களை மிகவும் கவர்ந்தது 1884இல் தொடங்கிய 'ட்யூட் ட்ரெயின்'. பஸர்ட்ஸ் பே கரையோரம் கோடை வீடு கட்டியிருந்த பாஸ்டன் செல்வந்தர்கள் தாங்களே சந்தா கட்டி, வுட்ஸ் ஹோல் வரை தங்களுக்கென்று ஒரு ரயிலை ஓட வைத்தார்கள். 1916 வரை அது கோடைதோறும் ஓடியது. 'ட்யூட்' என்றால் பகட்டாக உடுத்தித் திரிபவர்; மற்றவர்கள் பார்த்துக் கேலியாக வைத்த அந்தப் பெயரே அதற்கு நிலைத்தும் விட்டது. அந்தப் பாதையில்தான் அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்தின் 'கிரே கேபிள்ஸ்' வீடு இருந்தது. அவருக்காக 1892இல் கட்டிய குட்டி ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது. இடம் மாற்றி, போர்ன் ஊர் அருங்காட்சியக வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள், ஒரு பெரிய அறை அளவுதான்.

பிறகு வந்தது நியூ ஹேவன் ரயில்வே என்ற கம்பெனியின் காலம். நியூயார்க்கிலிருந்தே நேராக 'கேப் காடர்', 'நெப்டியூன்' என்று கோடை ரயில்கள் வந்தன. பிள்ளைகள் கேட்ட அந்தப் பாலமும் அப்போது கட்டியதுதான். 544 அடி நீளமுள்ள அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். 1935இல் அது முடிந்தபோது, அப்படித் தூக்கும் பாலங்களில் உலகிலேயே மிக நீளமானது அதுதான். ஆனால் அதே 1935இல்தான் கால்வாய் மேல் போர்ன், சாகமோர் என்ற இரண்டு சாலைப் பாலங்களும் திறந்தன. ரயிலுக்குப் பெருமை வந்த வருஷமே காருக்கும் வழி திறந்துவிட்டது! 1959இல் பாஸ்டனிலிருந்து வந்த வழக்கமான ரயில் நின்றது. நியூயார்க் கோடை ரயில் 1964 வரை தாக்குப்பிடித்தது. 1984 முதல் 1988 வரை ஒரு சின்ன கம்பெனி பிரெயின்ட்ரியிலிருந்து ஹையானிஸுக்கு ஓட்டிப் பார்த்தது. 1986 முதல் 1996 வரை அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் பழைய 'கேப் காடர்' பெயரிலேயே வார இறுதி ரயில் விட்டது. அதுவும் போய், 2013 கோடையில் கேப் ஃபிளையர் வந்தது.

இப்படி நின்று நின்று ஓடியதால்தான் இந்த நூலை அவசரம் என்கிறோம். வருஷம் முழுக்க ஓடும் ரயிலின் காகிதங்களை யாராவது எடுத்து வைப்பார்கள். சீசன் ரயிலின் கால அட்டவணையோ செப்டம்பர் வந்தால் குப்பைக்குப் போய்விடும். ஒரு கோடையில் எந்த ரயில் எங்கே நின்றது என்று சொல்ல சில நேரம் ஒரே ஒரு துண்டுக் காகிதம்தான் மிச்சம் இருக்கும். 1950களில் அந்த ரயில்களில் குழந்தையாகப் பயணம் செய்தவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிறது. அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய இன்னும் பத்து வருஷம் காத்திருக்க முடியாது.

மொத்தச் செலவு 8,000 டாலர் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். பெரும்பகுதி பழைய படங்களைப் பிரதியெடுக்கவும் அச்சில் வெளியிட அனுமதி வாங்கவும் போகும். மீதி அச்சுக்கூலி. நேர்காணல், எழுத்து, மொழிபெயர்ப்பு எல்லாம் குழுவினரே செய்கிறோம், அதற்கு யாருக்கும் சம்பளம் இல்லை. கையில் இப்போது 2,600 டாலர் இருக்கிறது. பத்து டாலர் கொடுத்தாலும் அது எங்களுக்குப் பெரிது. விருப்பப்பட்டால் ஒரு படத்தின் செலவை உங்கள் குடும்பமே ஏற்றுக்கொள்ளலாம், அந்தப் படத்தின் கீழே உங்கள் பெயர் வரும். கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் வரவு செலவுக் கணக்கை முழுதாக அனுப்புவோம். அச்சான நூலைத் தமிழ்ப் பள்ளிகளுக்கும் கேப் காட் ஊர் நூலகங்களுக்கும் இலவசமாகக் கொடுப்போம்.

மே மாத இறுதியில் இந்தக் கோடையின் முதல் ரயில் கிளம்பும் முன்பே தொகை சேர்ந்துவிட்டால், நேர்காணல்களை இந்த சீசனிலேயே முடித்துவிடலாம். பணம் தர வசதியில்லை என்றாலும் சரி, பக்கத்து வீட்டுப் பெரியவர் யாராவது அந்த ரயில்களில் போனதாகச் சொன்னால், அவருக்குச் சம்மதமா என்று கேட்டு எங்களிடம் சொல்லுங்கள். பழைய டிக்கெட், அட்டவணை, ஆல்பம் எது கிடைத்தாலும் ஒரு நாள் இரவல் கொடுத்தால் போதும். ஸ்கேன் செய்துவிட்டு மறுநாளே கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
நூல் வெளியீட்டுக் குழுவினர்