நொட்டாங்கைக்கு ஒரு கித்தார்

அல்சூர், பெங்களூர்

மாப்ள,

திட்டிக்கொண்டேதான் உறையைப் பிரித்திருப்பாய், தெரியும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக நம்ம சிநேகிதன் ஜெனரேட்டர் போன் போட்டுச் சொன்னான். அவருக்கு என் வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பத்தாவதுக்கு வந்துவிட்டாள், வீட்டில் டிவி கிடையாது. போனில் சொன்னால் பாதியிலேயே நீ சிரிப்பாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கித்தார் வாங்கப் போகிறேன்.

சிரித்து முடித்தாயா? சரி, கேள். இந்திராநகரில் ஒரு ஓட்டல் மொட்டை மாடியில் சனிக்கிழமைதோறும் வாசிக்கிறேன் இல்லையா, இத்தனை நாள் நானும் பாடுகிற பெண்ணும் மட்டும்தான். இப்போது கஹோன் என்ற மரப்பெட்டி வாத்தியம் தட்ட ஒருவன், பேஸ் கித்தாருக்கு ஒருவன் என்று நாலு பேர் ஆகிவிட்டோம். முதல் நாளே மானம் போயிற்று. கஹோன் சத்தத்தில் என் வாசிப்பு எனக்கே கேட்கவில்லை என்று, வாசிப்பவனைப் பார்த்து வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரை ஏற்றச் சொன்னேன். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டைத் தொட்டேனோ இல்லையோ, ஊ... என்று ஊளை. சூப் குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கரண்டியை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். மைக் செட் கடை வைத்து, குழாய் ஸ்பீக்கருக்கு நேரே மைக்கை நீட்டிய தலைவர்களை எல்லாம் பார்த்தவன் நீ, உனக்கு விளக்க வேண்டாம். அந்த ஸ்வரம் ஜி, 98 ஹெர்ட்ஸ். என்னுடையது போன்ற நைலான் கம்பி கிளாசிக்கல் கித்தாரின் வயிற்றுக்குள் இருக்கிற காற்று தானாக அதிர்வதும் ஏறக்குறைய 100-ஐ ஒட்டித்தான். மானிட்டர் சத்தம் உள்ளே போகிறது, பலகை ஆடுகிறது, பிக்கப் அதைப் பிடித்துத் திரும்ப மானிட்டருக்கே அனுப்புகிறது. நம்ம திருவிழாக் கதைதான்.

இதற்கு மேல் இந்தக் கை வேறு. நான் வைத்திருப்பது வலது கை கித்தாரைத் திருப்பிக் கம்பி மாற்றியது. ஸ்டீல் கம்பி கித்தார் என்றால் இதில் வில்லங்கம் அதிகம். மேல்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் கட்டைகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. ஸ்பெயினில் கித்தார் செய்த டோரஸ் வழியில் வந்த கிளாசிக்கலில் அவை விசிறி வடிவத்தில் இரு பக்கமும் சமமாக இருக்கும், அதனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. கழுத்து முனையில் கம்பிகள் உட்காருகிற நட்டை மட்டும் எலும்பில் புதிதாக அறுத்துப் போட்டால் போதும். ஆனால் பிக்கப் சத்தத்தை ஏற்றிக் கொடுக்கிற அந்த ப்ரீஆம்ப் பெட்டி இருக்கிறதே! மற்றவனுக்கு அது மேலே, கண்ணெதிரே இருக்கும். எனக்கு அடியில், தொடைமேல். காலை மாற்றிப் போட்டால் வால்யூம் ஏறுகிறது. இப்போது திருகு மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்ட உடம்பில் வெட்டிய கட்அவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒன்றுக்கும் உதவாமல்.

கடை கடையாக ஏறி இறங்கியாயிற்று. இடது கை என்றதும் பையன் உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு ஸ்டீல் கம்பி கித்தாரைக் கொண்டு வருகிறான். நைலான் என்றால், “ஆர்டர் போட்டா வரும் சார்.” ஒருத்தன் ரொம்ப அக்கறையாக, “ரைட்ல வாசிக்கப் பழகிடுங்களேன் சார்” என்றான். சோத்தாங்கையால் எழுது என்று ஸ்கேல் முறிந்தபோதே மாறாதவன், 47 வயதில் மாறுவேனா? பிரேசிலில் கன்யோத்து த பராயீபா என்று ஒருவர் இருந்தார், 2008-இல் காலமானார். கம்பியைக்கூட மாற்றாமல், வலது கை கித்தாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தவர். அவர் மேதை. எனக்குச் சனிக்கிழமை ஊளை இல்லாமல் கழிந்தால் போதும்.

இப்போது கண்ணில் இருப்பது இரண்டு. ஒன்று கோர்டோபா சி5-சிஇ, இடது கைக்கென்றே செய்வது. சீடர் மரத்தில் மேல்பலகை, முழு உடம்பு, கட்அவே சரியான பக்கம். விலையும் தாங்கக்கூடியது. இன்னொன்று கனடாக்காரர்களின் கோடின் மல்டியாக். துளையே கிடையாது. ஒல்லி உடம்பு, உள்ளே குடைந்து சின்னச் சின்ன அறைகள். அமெரிக்கக் கித்தார்காரர் செட் அட்கின்ஸ் 1980களிலேயே கிப்சன் கம்பெனியோடு சேர்ந்து கொண்டுவந்தாரே, கிட்டத்தட்ட அந்த வழிதான். இது லட்சத்தைத் தாண்டுகிறது, ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் வேண்டும்.

நைலானுக்குக் காந்த பிக்கப் உதவாது. பேஸ் கம்பிமேல் சுற்றியிருப்பதும் வெள்ளி பூசிய செம்புதான், காந்தம் அதைச் சட்டை செய்யாது. அதனால் இரண்டிலும் பிரிட்ஜ் எலும்புக்கு அடியில், அதிர்வு அழுத்தினால் மின்சாரம் தருகிற பியசோதான். உங்கள் கடை ரெக்கார்டு பிளேயரில் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் இருந்ததே, அதே ஜாதி. அதை நடுவே ப்ரீஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸர் லைனில் சொருகினால் பேஸ் செத்து, தகரம் தட்டுகிற மாதிரி கேட்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். மிக்ஸரில் 100 ஹெர்ட்ஸை ஒட்டி வெட்டிவிட்டால் கோர்டோபாவும் ஓரளவு அடங்கும். துளையை ரப்பர் மூடி போட்டு அடைக்கலாம். ஆனால் நல்ல மரம் என்று காசு கொடுத்து வாங்கிவிட்டு அதன் வாயை அடைப்பானேன்?

வலது கைக்காரன் பத்தை வாசித்துப் பார்த்து ஒன்றை எடுக்கிறான். நமக்கு போட்டோ பார்த்துக் கல்யாணம். அதனால் ஒரு வேலை செய்தேன். ஒரு கடையில் வலது கை மல்டியாக் இருந்தது. ஆம்ப்பை மூஞ்சிக்கு நேரே திருப்பி வைத்து, பையனை அதே ஜி-யை மீட்டச் சொன்னேன். ஊளைக்கு எந்தக் கை என்று தெரியாதே! ஏற்று, இன்னும் ஏற்று என்றேன். மேனேஜர் எட்டிப் பார்த்தார், கித்தார் அசையவில்லை. நட் அகலத்தையும் ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டேன். என் பழைய 52 மில்லிமீட்டரை விட ஒல்லி, ஆனால் இரண்டு பாட்டில் விரல் பழகிவிடும். பிளக்கை உருவி மீட்டினால்தான் வருத்தம், கொசு பாடுகிறது.

பணம் சீட்டு எடுத்தது. “வாங்கிக்கோ” என்று வீட்டுக்காரி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள், அதுதான் பயமாக இருக்கிறது. சாப்பிடுகிறவர்கள் நடுவே வாசிக்கிறவனுக்கு இவ்வளவு விலையில் எதற்கு என்று நானே கேட்டுக்கொண்டேன். அப்புறம் கித்தார் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். அவருக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்குவதில்லை மாப்ள. நம்மைவிடப் பதினைந்து வயதுதான் மூத்தவர். எனக்கு மிச்சமிருக்கிற வருஷங்களை மானிட்டரோடு சண்டை போட்டுக் கழிக்க மாட்டேன். மரச் சத்தம் வேண்டுமென்றால் வீட்டில் பழையது இருக்கிறது. மேடைக்கு மல்டியாக்தான்.

“வேண்டாம்” என்று சொல்ல உனக்கு ஒரு வாரம் தருகிறேன், காரணத்தோடு சொல்லு. அது வந்து சேரும்வரை இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும், அதனால் உன் கடை மூலையில் கிடக்கும் 31 பேண்ட் ஈக்வலைசரை (ஒவ்வொரு ஹெர்ட்ஸ் பட்டையையும் தனியாக ஏற்றி இறக்குகிற பெட்டியை) எடைக்குப் போட்டுவிடாதே. அதில் 100 ஹெர்ட்ஸ் குமிழ் ஒன்று வேலை செய்தால் போதும். பஸ் பார்சலில் ஏற்றிவிடு, கலாசிபாளையத்தில் நான் எடுத்துக்கொள்கிறேன். வாடகை கேட்காதே. ஜெனரேட்டர் கல்யாணத்துக்கு வாசித்த காசே உன்னிடம் இன்னும் நிற்கிறது.

உன்
நொட்டாங்கை