‘நம்ம ஊர் டேஸ்ட்’ என்று சொன்ன ஜப்பானிய உணவகத்துக்கு

உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை இரவு, சென்னையில் உள்ள உங்கள் உணவகத்துக்கு மனைவி, மகளோடு வந்திருந்தேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் மேலாளருக்கு நன்றாக நினைவிருக்கும்.

வேலை விஷயமாக இரண்டு வருடம் ஜப்பானின் நகோயா நகரில் இருந்தவன் நான். மதியச் சாப்பாடெல்லாம் பத்துப் பேர் உட்கார்ந்தால் நிரம்பிவிடும் சின்னக் கடைகளில்தான். அதனால் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை.

சிக்கன் கட்ஸு கறி கேட்டேன், அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கோழியும் குழம்பும் சோறும். அரை மணி நேரம் கழித்து வந்தது. குழம்பு முழுவதையும் கோழித்துண்டின் தலையிலேயே கவிழ்த்திருந்தார்கள். ஸ்பூனால் தட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. மொறுமொறுவென்று இருக்க வேண்டிய ரொட்டித்தூள் மேலோடு, சாம்பாரில் ஊறிய வடைத் தோல் போலக் கழன்று வந்தது. நான் சாப்பிட்ட கடைகளில் குழம்பைப் பக்கத்தில் ஊற்றி, ஓர் ஓரத்தை மட்டும் நனைய விடுவார்கள்.

மிசோ சூப் தளதளவென்று கொதித்த சூப். மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது. அதைப் போடும் விதம் நம் ரசம் மாதிரி. நுரை கட்டியதும் ரசத்தை இறக்குவதுபோல, மிசோவையும் கடைசியில்தான் கரைக்க வேண்டும். கொதித்தால் வாசனை போய்விடும். சுஷி என்கிற சோற்று உருண்டைகள் பிரிட்ஜிலிருந்து நேராக வந்தவை. பிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போகும் என்று உங்கள் சமையலறையில் ஒருவருக்குமா தெரியாது? சுஷியோடு வரும் காரமான பச்சை விழுதான வசாபி பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஜப்பானிலேயே மலிவான கடைகளில் பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியில் பச்சை நிறம் சேர்த்ததுதான்.

இதையெல்லாம் சொன்னபோது மேலாளர் சிரித்துக்கொண்டே, “ஒரிஜினல் டேஸ்ட் நம்ம ஊர்க்காரங்களுக்குப் பிடிக்காது சார், அதான் கொஞ்சம் மாத்தியிருக்கோம்” என்றார். அதுவரை எனக்குக் கோபம் வரவில்லை.

மாற்றுவதில் தப்பே இல்லை. நம் ‘கறி’ ஆங்கிலேயர் வாயில் புகுந்து, மெய்ஜி மன்னர் காலத்தில் (1868–1912) ஜப்பானுக்குப் போய், மாவு சேர்ந்து கெட்டியாகி, ‘கரே’ ஆனது. அவர்களும் மாற்றித்தான் சாப்பிடுகிறார்கள். நீங்கள் காரம் கூட்டுங்கள், கறிவேப்பிலை கூடத் தாளித்துக்கொள்ளுங்கள். ஆனால் நமத்ததும் விறைத்ததும் எந்த ஊர் டேஸ்ட்? இட்லி ஆறியிருந்தால் திருப்பி அனுப்புகிற ஊர் சார் இது.

பில்லில் கேட்காமலே சேவைக் கட்டணம் சேர்த்திருந்தீர்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. கேட்டதும் நீக்கினார்கள். சரி, அதற்கு நன்றி.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள், சோற்றை அன்றன்று ஆக்குங்கள். இந்த இரண்டும் நடந்தால் மறுபடி வருகிறேன்.

மகள் மட்டும் சந்தோஷமாகக் கிளம்பினாள். அவள் குடித்தது ரமுனே, நம்ம கோலி சோடாவின் ஜப்பானியப் பங்காளி. கழுத்தில் அதே கோலிக்குண்டு, அதே ‘டப்’ சத்தம். அன்று எங்கள் மேசைக்குக் குறையில்லாமல் வந்தது அது ஒன்றுதான். அதுவும் உங்கள் சமையலறையில் செய்ததில்லை.

இப்படிக்கு,
ஜன்னலோர மேசைக்காரன்