ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் முன்வைக்கும் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இரவு ஷிப்டை முடித்துவிட்டு உறங்கப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தோழர்களுக்கும் என் வணக்கம். அமெரிக்க விமான நிறுவனங்களின் ஹேங்கர்களில், அதாவது விமானப் பராமரிப்புக் கூடங்களில், வேலை செய்யும் தமிழ் மெக்கானிக்குகளுக்கான நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் ஒப்புதலுக்காக வைக்கிறேன்.

செயற்குழு உரிய காலங்களில் கூடியது. கோடைக்காலக் குடும்பச் சந்திப்பு நன்றாக நடந்தது. பணி ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர்களுக்குச் சால்வை அணிவித்தோம். விமானத்தின் உடற்பகுதியிலும் இன்ஜினிலும் வேலை செய்வதற்கான ஏ அண்ட் பி மெக்கானிக் சான்றிதழுக்குத் தயாராகும் இளைஞர்களுக்கான வார இறுதி வகுப்பு தொடர்ந்தது; பயிற்சிப் பள்ளி வழியாக அல்லாமல் வேலை அனுபவத்தைக் காட்டித் தேர்வெழுத வந்தவர்களுக்கு, 30 மாத அனுபவத்தை உறுதிசெய்யும் ஆவணங்களைத் திரட்டுவதில் உதவினோம்.

இனி, ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன்.

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேலை செய்யும் நிறுவனத்தில் மெக்கானிக்குகளின் பிரதிநிதியாக ஒரு யூனியன் இருக்கிறது. அதை அகற்றிவிட்டு அந்த இடத்துக்கு வர இன்னொரு யூனியன், வாக்கெடுப்பைக் கோரும் கார்டுகளில் கையெழுத்துத் திரட்டி வருகிறது. ஓய்வறை மேசைகளில் இரு தரப்புத் துண்டறிக்கைகளும் குவிந்தன. ஒரே இறக்கையின் கீழ் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தவர்கள், கருவியைக் கேட்பதற்குக்கூட வாய் திறக்காத நிலை வந்தது. சங்கம் எந்தப் பக்கம் என்று இரு தரப்பினரும் என்னைக் கேட்டார்கள். நம் சங்கம் யூனியன் அல்ல. நிர்வாகத்தோடு பேரம் பேசும் உரிமை அதற்கு இல்லை. ஆகவே எந்தப் பக்கமும் சேர்வதில்லை என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது. ஆனால் படிக்காமல் கையெழுத்திடுவதையும் படிக்காமல் மறுப்பதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்றும் அதே கூட்டத்தில் முடிவானது. அதன்படி, எளிய தமிழில் ஒரு கையேடு எழுதும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அதற்காக எவ்வளவு பாடுபட்டேன் என்பதை என் வீட்டார் அறிவார்கள். அந்த உழைப்புக்காக நான் வருந்தவில்லை.

கையேட்டின் முதல் பகுதி சட்டத்தைப் பற்றியது. நம்மை ஆள்வது 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டம். 1936இல் அது விமான நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. யார் பிரதிநிதி என்பதைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பை நடத்துவது தேசிய மத்தியஸ்த வாரியம். நம் ஹேங்கருக்கு மட்டும் தனி யூனியன் வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்டார்கள். அப்படிச் செய்ய முடியாது. ஒரு நிறுவனத்தின் எல்லா நிலையங்களிலும் உள்ள மெக்கானிக்குகளும் அவர்களைச் சார்ந்த பணியாளர்களும் ஒரே வகுப்பாகக் கருதப்படுவார்கள். அந்த வகுப்பு முழுவதற்கும் ஒரே பிரதிநிதிதான்.

வாக்கெடுப்பு நடக்க வேண்டுமானால் அந்த வகுப்பில் குறைந்தது பாதிப் பேர் கையெழுத்திட்ட கார்டுகள் வாரியத்தின் முன் வைக்கப்பட வேண்டும். 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதை உறுதியாக்கியது. கார்டில் கையெழுத்தோடு தேதியும் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் பழையதாகிவிட்டால் அது செல்லாது. கார்டில் கையெழுத்திட்ட அன்றே பழைய ஒப்பந்தம் ரத்தாகிவிடும் என்று நம் உறுப்பினர்களிடையே ஒரு செய்தி சுற்றியது. அது பொய். கார்டு வாக்கெடுப்பைக் கோருவதற்கானது. வாக்கெடுப்பில் புதிய யூனியன் வென்றாலும் நடப்பு ஒப்பந்தம் தொடரும்; அடுத்த பேச்சுவார்த்தையைப் புதிய யூனியன் நடத்தும். அதேபோல, கார்டு போட்டால் மறுமாதமே சம்பளம் உயரும் என்று எதிர்த்தரப்பிலிருந்து வந்த பேச்சும் பொய். இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டதால்தான் நான் இரு தரப்பாரிடமும் வசவு வாங்கினேன்.

வாக்களிக்காமல் இருப்பது பற்றியும் எழுதியிருக்கிறேன். 2010 வரை, வாக்களிக்காமல் இருந்தவர்கள் யூனியனே வேண்டாம் என்றவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். அந்த ஆண்டில் விதி மாறியது. இப்போது பதிவான வாக்குகளில் பெரும்பான்மை எதுவோ அதுவே முடிவு. வீட்டில் இருந்துவிட்டவருக்காகவும் வாக்களித்தவர்களே தீர்மானிக்கிறார்கள். ஒரு யூனியன் சான்றளிக்கப்பட்ட பிறகு, அதே வகுப்புக்கு இன்னொரு விண்ணப்பத்தை வாரியம் இரண்டு ஆண்டுகளுக்குப் பொதுவாக ஏற்காது. அவசரப்பட்டு எடுத்த முடிவோடு குறைந்தது அவ்வளவு காலம் வாழ வேண்டியிருக்கும்.

இரண்டாம் பகுதி வரலாறு. இதற்குத்தான் அதிகம் உழைத்தேன். இந்தப் போட்டி நம் ஹேங்கரில் தொடங்கியதல்ல. 1888இல் தோன்றிய மெஷினிஸ்டுகள் யூனியன் விமானத் துறையில் மெக்கானிக்குகளை மட்டுமல்லாமல் சுமை ஏற்றுவோரையும் பிற பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. பெரும் கூட்டம் இருந்தால்தான் பேரத்தில் வலு இருக்கும் என்பது அவர்கள் வாதம். 1962இல் உருவான, விமான மெக்கானிக்குகளுக்கான யூனியனாகிய ஆம்ஃபா இதற்கு நேர் எதிரான நிலையை எடுத்தது. விமானத்தைப் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்திடுபவர் மெக்கானிக். அவருக்குத் தொழில் சார்ந்த தனி யூனியன் வேண்டும் என்றது. இரண்டு வாதங்களுக்கும் நியாயம் உண்டு. கூட்டத்தின் பலத்தை நம்புகிறவர் ஏமாளியும் அல்ல, தொழிலின் தனித்தன்மையை நம்புகிறவர் துரோகியும் அல்ல. இந்த இரண்டு சொற்களும் இந்த ஆண்டு நம் உறுப்பினர்கள் வாயிலிருந்தே வந்தன என்பதைப் பதிவு செய்கிறேன்.

போட்டியாளராக, பல தொழில்களில் உறுப்பினர்களைக் கொண்ட டீம்ஸ்டர்ஸ் என்ற யூனியனும் ஆம்ஃபாவும் திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஏஎஃப்எல்-சிஐஓ என்ற மையக் கூட்டமைப்பில் உள்ள யூனியன்கள் ஒன்று மற்றொன்றின் உறுப்பினர்களைப் பறிக்கக் கூடாது என்பது அதன் விதி. மெஷினிஸ்டுகளும் போக்குவரத்துத் தொழிலாளர் யூனியனும் அந்தக் கூட்டமைப்பில் இருக்கின்றன. ஆகவே அமெரிக்கன் ஏர்லைன்ஸும் யுஎஸ் ஏர்வேஸும் இணைந்தபோது, அந்த இரண்டு யூனியன்களும் மோதாமல் 2013இல் தங்களுக்குள் ஒரு கூட்டணியை அமைத்துக்கொண்டன. டீம்ஸ்டர்ஸ் 2005இல் ஏஎஃப்எல்-சிஐஓவை விட்டு வெளியேறியது. ஆம்ஃபா அதில் சேர்ந்ததே இல்லை.

சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தில் 2003இல் மெக்கானிக்குகள் டீம்ஸ்டர்ஸை விட்டு ஆம்ஃபாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஆண்டில் யுனைடெட்டில் மெஷினிஸ்டுகளின் இடத்துக்கு ஆம்ஃபா வந்தது. அப்போது அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பில் இருந்தது. 2005இல் ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டங்களை நிறுவனம் கைவிட நீதிமன்றம் அனுமதித்தது. 2008இல் அதே மெக்கானிக்குகள் டீம்ஸ்டர்ஸுக்கு மாறினார்கள்.

நார்த்வெஸ்ட் விமான நிறுவனத்தின் கதையைக் கையேட்டில் நீளமாக எழுதியிருக்கிறேன். சிலர் சுருக்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன். அங்கே 1998இல் மெஷினிஸ்டுகளை வென்று ஆம்ஃபா வந்தது. 2005 ஆகஸ்ட் 20 அன்று ஏறத்தாழ 4,400 மெக்கானிக்குகளும் துப்புரவுப் பணியாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நிர்வாகம் முன்கூட்டியே மாற்று ஆட்களைத் தயார் செய்து வைத்திருந்தது. விமானங்கள் பறந்தன. மெஷினிஸ்டுகள் யூனியனைச் சேர்ந்த தரைப்பணியாளர்கள் வேலைக்குப் போனார்கள். விமானிகளும் விமானப் பணிப்பெண்களும் துணைநிற்கவில்லை. அடுத்த மாதமே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. வேலைநிறுத்தம் முறைப்படி முடிய 2006 நவம்பர் ஆனது. அதற்குள் அந்த இடங்களில் பெரும்பாலானவை நிரந்தரமாகப் போய்விட்டன. உள்ளே வந்தவர்கள் மீது பழியா, வெளியே நின்றவர்களுக்குத் துணைபோகாதவர்கள் மீது பழியா என்பதைப் படிப்பவர் முடிவு செய்யட்டும். 2008இல் நார்த்வெஸ்ட் டெல்டாவோடு இணைந்தது. டெல்டாவின் மெக்கானிக்குகளுக்கு யூனியன் இல்லை. அங்கே யூனியன் அமைக்க 2022 முதல் மூன்று யூனியன்கள் ஒன்றாக முயல்கின்றன: மெக்கானிக்குகளை டீம்ஸ்டர்ஸும், தரைப்பணியாளர்களை மெஷினிஸ்டுகளும், விமானப் பணிப்பெண்களை அவர்களுக்கான யூனியனும் பார்த்துக்கொள்வது என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். நேற்றுவரை ஒருவரை ஒருவர் வீழ்த்தியவர்கள் இப்படியும் நடந்துகொள்ள முடியும் என்பதை நம் உறுப்பினர்கள் அறிய வேண்டும் என்றே அதைச் சேர்த்தேன்.

கையேட்டை ஒட்டி ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினோம். இரு யூனியன்களின் ஆர்வலர்களையும் ஒரே மேடையில், ஒரே கால அளவில் பேச வைத்தோம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடவில்லை. பேரத்தின்போது உறுப்பினர்கள் பார்வையாளராக அமர முடியுமா, சந்தா எவ்வளவு, உள்ளூர் நிர்வாகிகளை யார் தேர்ந்தெடுப்பது, வெளியே பராமரிப்புக்கு அனுப்பப்படும் விமானங்களின் எண்ணிக்கைக்கு ஒப்பந்தத்தில் வரம்பு வைப்பார்களா என்று நல்ல கேள்விகள் எழுந்தன. அப்படி ஒரு கூட்டம் இனி எளிதில் அமையாது.

ஆனால் அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. இதைச் சொல்லாமல் அறிக்கையை முடிக்க என் மனம் ஒப்பவில்லை. ஷிப்டில் இருந்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களின் நிலை எனக்குத் தெரியும். விடுப்பில் இருந்தும் வராதவர்களைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு வராதவர்கள் மறுநாள் தொலைபேசியில் அழைத்து, 'அண்ணே, கடைசியில் யாருக்குக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள்?' என்று கேட்டார்கள். நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நான் ஒரு தரப்பிடம் விலைபோய்விட்டேன் என்று எழுதியனுப்பியவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன்: கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் அச்சுக்கு முன் இரு தரப்பு உறுப்பினர்களும் படித்துத் திருத்தினார்கள். அந்தத் திருத்தப்படிகள் சங்கத்தின் கோப்பில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

சந்தா விஷயத்திலும் வெளிப்படையாகப் பேசுகிறேன். நமது ஆண்டுச் சந்தா மிகச் சிறிய தொகை. யூனியன் சந்தா எந்தத் தரப்பில் குறைவு என்று மணிக்கணக்கில் வாதிடும் சிலர், நம் சங்கச் சந்தாவை இரண்டாம் ஆண்டாகக் கட்டவில்லை. எந்தத் தரப்புக்கும் சார்பாக நடக்காத ஒரு சங்கத்துக்கு எந்தத் தரப்பின் பணமும் வராது. உறுப்பினர் தரும் சந்தாவே நம் ஒரே வருவாய். பெயர்களை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன்.

வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வழங்குவார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. செலவில் கையேட்டு அச்சுக்கும் அரங்க வாடகைக்கும் பெரும்பங்கு போனது. முந்தைய ஆண்டின் இருப்பிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் சமாளித்தோம். தணிக்கை முடிந்துவிட்டது.

வழிகாட்டிய தலைவருக்கும், கணக்கைச் செம்மையாகப் பராமரித்த பொருளாளருக்கும், அரங்கு ஏற்பாடு செய்த நண்பர்களுக்கும், கையேட்டைப் பிழை திருத்தியவர்களுக்கும் செயற்குழுவின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் கார்டுகள் வாரியத்துக்குப் போகலாம். போதிய எண்ணிக்கை சேராமலும் போகலாம். எது நடந்தாலும் நம்மில் சிலர் தோற்ற தரப்பில் இருப்பார்கள். அவர்களும் இங்கே வந்து உட்காரும்படி இந்தச் சங்கம் இருக்க வேண்டும். கையேட்டின் இரண்டாம் பதிப்பு, வாக்கெடுப்பு அறிவிக்கப்பட்டால் உடனே ஒரு கூட்டம், ஒப்பந்தத்தின் முக்கியப் பிரிவுகளுக்குத் தமிழில் விளக்கம் ஆகியவற்றை நான் திட்டமிட்டு வைத்திருக்கிறேன். இவற்றை ஒருவரே இரவில் விழித்திருந்து செய்து முடிக்க இயலாது. செயலாளர் பொறுப்பில் என்னைவிடத் தகுதியானவர் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டும் என்று பொதுக்குழு விரும்பினால், நிலுவைச் சந்தாவை மாத இறுதிக்குள் கட்டுவது பற்றியும், எழுத்து வேலைக்கு இரண்டு உறுப்பினர்களை ஒதுக்குவது பற்றியும் இன்றே தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு வேண்டிக்கொள்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்